வாசகர் கேள்வி-பதில்: நிரல் எழுதுபவரும் சர்வரைக் காப்பவரும்

கேள்வி: பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகில் உள்ள ஒரு செம்பனை ஆலையில் கணினி, சர்வர் பராமரிப்பு என் பொறுப்பு. லோரிகளை நிறுக்கும் எடைமேடைக்கான மென்பொருளை எழுதுபவர்கள் கோலாலம்பூரில் இருக்கிறார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, வெள்ளிக்கிழமை மாலையில் புதிய பதிப்பை அனுப்புகிறார்கள். சனிக்கிழமை காலையில் ஏதாவது நின்றுபோய், குலை ஏற்றிய லோரிகள் வாசலில் வரிசை பிடிக்கின்றன. “எங்கள் கணினியில் சரியாகத்தான் ஓடியது” என்று அவர்களும், “சர்வரில் குறை இல்லை” என்று நானும் வாதாடுகிறோம். இனி ஆண்டுக்கு இரண்டு பதிப்புகள் போதும் என்கிறார் மேலாளர். அது சரியா? டெவ்ஆப்ஸ் என்கிறார்களே, அந்த மென்பொருளை வாங்கினால் தீருமா?
— வாசகி, பத்தாங் பெர்ஜுந்தை

பதில்: உங்கள் மேலாளரின் அச்சம் நியாயமானது, அவர் சொல்லும் வழியோ தொல்லையைப் பெரிதாக்கும். ஆறு மாதத் திருத்தங்கள் அனைத்தும் ஒரே இரவில் சர்வரில் ஏறி, மறுநாள் ஏதோ ஒன்று பிசகினால், காரணம் எந்தத் திருத்தம் என்பது அதை எழுதியவருக்கே புலப்படாது. ஒரே ஒரு திருத்தம் செவ்வாய்க்கிழமை காலையில் ஏறினால், பிசகியது எது என்பதும் தெரியும், எழுதியவரும் வேலையில் இருப்பார், பழைய பதிப்புக்குத் திரும்பவும் சில நிமிடங்களே ஆகும். சிறிது சிறிதாக, அடிக்கடி வெளியிடுவதே பாதுகாப்பு என்பது என் உறுதியான கருத்து.

புதிய வசதிகளைத் தருவதற்காக நிரல் எழுதுபவர்களுக்குச் சம்பளம். எதுவும் நிற்காமல் பார்த்துக்கொள்வதற்காக உங்களுக்குச் சம்பளம். வேலை இப்படிப் பிரிக்கப்பட்டிருக்கும்வரை எவ்வளவு நல்லவர்களாக இருந்தாலும் நீங்கள் மோதிக்கொண்டுதான் இருப்பீர்கள். டெவ்ஆப்ஸ் என்பது வாங்கக்கூடிய மென்பொருள் அல்ல, இந்த இரு தரப்பும் கூடிப் பொறுப்பேற்கும் வேலைமுறை. 2009 ஜூனில், அமெரிக்காவின் சான் ஹோசே நகரில் நடந்த மாநாட்டில், இணையத்தில் படங்களைப் பகிரும் சேவையான பிளிக்கர் நிறுவனத்தின் ஜான் ஆல்ஸ்பாவும் பால் ஹேமண்டும், அதாவது சர்வர் தரப்பிலிருந்து ஒருவரும் நிரல் தரப்பிலிருந்து ஒருவரும், ஒரே மேடையில் நின்று, நாளொன்றுக்குப் பத்து முறைக்கு மேல் புதிய நிரலை வெளியிடுவதாகச் சொன்னார்கள். அதே ஆண்டு அக்டோபரில் பேட்ரிக் டெபுவா என்ற கணினி ஆலோசகர் பெல்ஜியத்தின் கெண்ட் நகரில் கூட்டிய சந்திப்பிலிருந்துதான் டெவ்ஆப்ஸ் என்ற பெயர் பரவியது.

இரு தரப்பும் கூடிச் செயல்படாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நைட் கேபிடல் என்னும் அமெரிக்கப் பங்கு வணிக நிறுவனம் சான்று. அங்கே எட்டு சர்வர்களில் ஏற வேண்டிய புதிய நிரல் ஏழில் மட்டுமே ஏறியது. விடுபட்டதைச் சரிபார்க்க இரண்டாவது ஆள் ஏற்பாடு செய்யப்படவில்லை. 2012 ஆகஸ்டு 1 அன்று சந்தை திறந்ததும், எட்டாவது சர்வரில் பல ஆண்டுகளாகத் தூங்கிக் கிடந்த பழைய நிரல் விழித்துக்கொண்டு, கட்டுப்பாடின்றிப் பங்குகளை வாங்கவும் விற்கவும் தொடங்கியது. பதற்றத்தில், சரியாக இருந்த ஏழு சர்வர்களிலிருந்தும் புதிய நிரலை நீக்கிவிட்டதால் நிலைமை இன்னும் மோசமாயிற்று. சுமார் 45 நிமிடங்களில் நட்டம் 40 கோடி டாலரைத் தாண்டியது. அன்று காலை, சந்தை திறக்கும் முன்பே, அந்த நிறுவனத்தின் கணினி அமைப்பு 97 எச்சரிக்கை மின்னஞ்சல்களை ஊழியர்களுக்கு அனுப்பியிருந்தது. அவற்றின் மீது யாரும் நடவடிக்கை எடுக்கவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதறுகிறது.

“எங்கள் கணினியில் ஓடியது” என்பது பெரும்பாலும் உண்மையே. அவர்களுடைய மடிக்கணினியில் எடைமேடைக் கருவி இணைக்கப்பட்டிருக்காது. மாதிரி எண்கள் அடங்கிய ஒரு கோப்பை வைத்துத்தான் சோதித்திருப்பார்கள். ஆகவே, எழுதுபவர்களில் ஒருவரையாவது ஒரு நாள் முழுவதும் உங்கள் எடை அறையில் உட்கார வையுங்கள். லோரி மேடையேறியதும் எண் நிலைகொள்ளாமல் ஆடுவதையும், குலைகளை இறக்கிய பின் வெறும் லோரியை மீண்டும் எடைபோட்டு இரண்டின் வித்தியாசத்தைக் கணக்கிடுவதையும், இந்த இரண்டு நிறுவைக்கும் நடுவே மென்பொருள் நின்றால் முதல் எடை என்னவாகிறது என்பதையும் அவர் கண்ணால் பார்க்கட்டும். வெட்டிய குலைகளை 24 மணி நேரத்துக்குள் ஆலையில் அவிக்காவிட்டால் எண்ணெயில் கொழுப்பு அமிலம் ஏறித் தரம் குறையும் என்பதையும் சொல்லுங்கள். அவருடைய அடுத்த நிரல் வேறு மாதிரி இருக்கும்.

மென்பொருளை வாங்குவது அதற்குப் பிறகுதான். நிரலைத் தானாகச் சோதித்து வெளியிட உதவும் ஜென்கின்ஸ், எந்தக் கணினியிலும் ஒரே மாதிரி ஓடும்படி நிரலைப் பொதிந்து தரும் டாக்கர் போன்றவை நல்ல கருவிகள். பெரும்பாலானவை காசில்லாமலே கிடைக்கின்றன. நிரலை மட்டுமல்லாமல் சர்வரின் அமைப்புகளையும் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்துவைக்கும் கிட் களஞ்சியத்தில் வைத்து, யார் எப்போது எதை மாற்றினார் என்பது இரு தரப்புக்கும் தெரியும்படி செய்யுங்கள். பழுதுக்கான இரவு நேரத் தொலைபேசி அழைப்பை நிரல் எழுதியவரும் முறை வைத்து ஏற்கட்டும். என் அனுபவத்தில் இதைவிட வேகமாகத் தரத்தை உயர்த்தும் ஏற்பாடு வேறில்லை.

கேள்வி: நான் தோட்ட அலுவலகத்தில் கிராணியாக இருக்கிறேன். சம்பளக் கணக்கு இப்போது கணினிக்குப் போய்விட்டது. ஒரு நிமிடம்கூட நிற்காது என்று எழுதித் தரக் கேட்டால் மென்பொருள் நிறுவனம் மறுக்கிறது. ஏமாற்றப் பார்க்கிறார்களா?
— வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: இல்லை, நேர்மையாகத்தான் நடந்துகொள்கிறார்கள். 99.9 விழுக்காடு இயங்கும் என்று உறுதியளித்தால்கூட, 30 நாள் மாதத்தில் ஏறத்தாழ 43 நிமிடங்கள் நிற்க இடமுண்டு. கூகள் நிறுவனத்தில் இதையே ஒரு வரவுசெலவுக் கணக்காக வைத்திருக்கிறார்கள்: அந்த நிமிடங்கள் கையில் இருக்கும்வரை புதிய பதிப்புகளை வெளியிடலாம், தீர்ந்துவிட்டால் வெளியீட்டை நிறுத்திவிட்டுப் பழுதுகளைச் சரிசெய்ய வேண்டும்.

எந்த நாட்களில் நிற்கக் கூடாது என்று நீங்கள் கேளுங்கள். மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின்படி, சம்பளக் காலம் முடிந்த ஏழாம் நாளுக்குள் சம்பளம் கொடுத்தாக வேண்டும். எனவே மாத இறுதியிலிருந்து சம்பளம் போடும் நாள்வரை, அவசரப் பழுது நீக்கம் தவிர வேறு எதையும் சர்வரில் ஏற்றுவதில்லை என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். கூடவே இன்னொன்றையும் கேளுங்கள்: தரவின் நகலை எடுத்து வைத்திருக்கிறோம் என்பார்கள், அந்த நகலிலிருந்து சம்பளக் கணக்கைக் கடைசியாக மீட்டுப் பார்த்தது எந்தத் தேதியில், யார்?