கீழே இறக்கும்போதும் உழைக்கும் தசை

அன்புள்ள ஐயா,

நான் சுன்னாகத்துக்கு அருகே ஒரு பாடசாலையில் தரம் 6க்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். உடலின் முக்கியமான தசைகளைப் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று பெரிய படம் ஒன்றை வாங்கி வகுப்பில் மாட்டினேன். இருபது பெயர்களைப் பாடமாக்கிவிட்டார்கள். ஆனால் "முத்தலைத் தசை எங்கே?" என்று கேட்டால் எழுந்து போய்ப் படத்தைத் தொட்டுக் காட்டுகிறார்கள். கை மடங்கும்போது மேற்கையின் முன்தசை சுருங்கும், நீளும்போது பின்தசையான முத்தலைத் தசை சுருங்கும் என்றும் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். பெயர்கள் மனதில் நிற்க ஒரு பாட்டு எழுதித் தருவீர்களா? ஆங்கிலப் பெயர்களையும் இப்போதே படிப்பிப்பது நல்லதா? உடம்பிலேயே பலமான தசை நாக்குத்தான் என்று ஒரு மாணவன் அடித்துச் சொல்கிறான். உண்மையா?

ஓர் ஆசிரியை

அன்புள்ள ரீச்சருக்கு,

சில்லறைக் கேள்விகளை முதலில் தீர்த்துவிடுகிறேன். நாக்கு ஒரு தனித் தசையே அல்ல, பல தசைகள் பின்னிய கட்டு. அதற்கு மேல் யாழ்ப்பாணத்து நாக்குகளின் பலத்தைப் பற்றி நான் எழுதத் தொடங்கினால் ஊரில் குடியிருக்க முடியாது. ஆங்கிலப் பெயர் பற்றியும் கவலைப்படாதீர்கள். 1847இல் இங்கே வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் மருத்துவ மாணவர்களுக்கே தமிழில் உடலைப் படிப்பித்தார். ஆங்கிலேயரான கிரேயின் பெரிய உடற்கூற்று நூல் 1872இல் தமிழில் வந்துவிட்டது. உடம்பில் 600க்கு மேற்பட்ட தசைகள் இருக்கின்றன. அவற்றுக்குத் தமிழ் போதுமென்றால் உங்கள் இருபதுக்கும் போதும்.

பாட்டு எழுதித் தர மாட்டேன். கோபிக்க வேண்டாம். இன்னும் நன்றாக மறப்பதற்குத்தான் அது உதவும்.

தோலுரித்த ஒரு மனிதனைச் சுவரில் நிறுத்திவிட்டு, பிள்ளைகள் ஏன் சுவருக்குப் போகிறார்கள் என்று கேட்கிறீர்கள். வேறு எங்கே போவார்கள்? தசையை நீங்கள் அங்கேதானே வைத்திருக்கிறீர்கள்! தன் தோளிலிருந்து முழங்கை வரை ஒரு சாண் தூரம் இருக்கும் பிள்ளை, முத்தலைத் தசையைத் தேடி வகுப்பைக் கடந்து நடந்து போகிறது. இருபதில் பதினைந்தை விட்டுவிடுங்கள். மேற்கையின் முன்னும் பின்னும், தொடையின் முன்பக்கம், கெண்டைக்கால், மார்புக்கும் வயிற்றுக்கும் இடையில் இருந்து மூச்சை இழுக்கும் பிரிமென்றகடு. இந்த ஐந்தும் தரம் 6க்குப் போதும்.

ஆனால் உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது நீங்கள் கேட்காத விடயம். கை நீளும்போது பின்தசை சுருங்கும் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரி. நான் படித்த நாளிலும் இதையே சொன்னார்கள். அரைவாசி சரி. மிச்ச அரைவாசியை யாரும் சொல்லித் தருவதில்லை.

தசைக்கு இழுக்க மட்டுமே தெரியும். கிணற்றுக் கயிற்றைப் போல: இழுக்கலாம், தள்ள முடியாது. கதவைத் தள்ளும்போதும் மேற்கையின் பின்தசை முன்கையை இழுத்து நிமிர்த்துவதால்தான் கதவு திறக்கிறது. ஆகவே தசைகள் சோடியாக இருக்கின்றன, ஒன்று இழுக்க மற்றது விட்டுக்கொடுக்கிறது. இதுவரை உங்களுடன் எனக்குச் சண்டையில்லை.

இப்போது ஒரு தண்ணீர்ப் போத்தலை நிரப்பி ஒரு பிள்ளையின் வலது கையில் கொடுங்கள். இடது கை விரல்களை அதே பிள்ளை தன் வலது மேற்கையின் முன்புறத்தில் வைக்கட்டும். தன் கை தன் உடம்பில், ஆகவே யாரும் யாரையும் தொடத் தேவையில்லை, வீட்டிலிருந்து முறைப்பாடும் வராது. முழங்கையை மடக்கிப் போத்தலைத் தூக்கினால் விரலுக்கடியில் தசை திரண்டு இறுகும். எல்லோருக்கும் தெரிந்ததுதான். தூக்கிய போத்தலை மெல்ல, மிக மெல்ல, கீழே இறக்கச் சொல்வதற்கு முன் கேளுங்கள்: இப்போது எது இறுகும்? வகுப்பு முழுவதும் "பின்தசை!" என்று கத்தும். நீங்கள் படிப்பித்தது அதுதானே.

இறக்கிப் பார்க்கட்டும். முன்தசைதான் இறுகி நிற்கும். பின்பக்கம் தளர்ந்து தொங்கும். கை நீண்டுகொண்டே போகிறது, ஆனால் உழைப்பது மடக்கும் தசை. அது நீண்டபடியே இழுத்துப் பிடிக்கிறது. பிடிக்காவிட்டால் போத்தல் மேசையில் 'டக்' என்று விழும். (முன்தசைக்கு அடியில் இன்னொரு தசை ஒளிந்திருந்து கூட இழுக்கிறது. அது படத்திலும் சரியாகத் தெரியாது, விட்டுவிடுங்கள்.) பின்தசையைக் காண வேண்டுமானால் உள்ளங்கையால் மேசையைக் கீழ்நோக்கி அழுத்தச் சொல்லுங்கள். உடனே இறுகும்.

இவ்வளவு பிடிவாதம் ஏன் என்று நினைப்பீர்கள். உங்கள் கடிதம் வந்தபோது நான் என் அம்மாவின் தொடைகளைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன்.

திருவலையில் குந்தியிருந்து தேங்காய் திருவிவிட்டு, நிலத்தில் கை ஊன்றாமல் எழும்பியவர் அம்மா. எண்பதை நெருங்கியபோது பிளாஸ்ரிக் கதிரையில் தொப்பென்று விழத் தொடங்கினார். எழும்புவதற்குச் சிரமப்படவில்லை. கைப்பிடியை ஊன்றி எப்படியோ எழும்பிவிடுவார். கதிரையில் இருக்கப் போகும்போதுதான் பாதி வழியில் கால்கள் கைவிட்டன. நாங்கள் மெத்தை வாங்கிப் போட்டோம். வீட்டுக்கு வந்த இயன் மருத்துவர், இளம் பெண், மெத்தையைத் தூக்கி அப்பால் வைத்தார். இருக்கும்போது ஐந்து வரை எண்ண வேண்டும், எண்ணி முடியும்போதுதான் கதிரை படவேண்டும் என்றார். "கதிரையில் இருக்கவும் எனக்கு ஒருவர் படிப்பிக்க வேண்டுமா?" என்று அம்மாவுக்குக் கோபம். எண்ண மறுத்துவிட்டார். மறுநாள் பார்த்தேன், எண்ணுக்குப் பதிலாக ஐந்தெழுத்தைச் சொல்லிக்கொண்டு இறங்குகிறார். ந, ம, சி, வா, ய. 'சி'யில் தொடை நடுங்கும். ஆரம்பத்தில் 'வா' வரும் முன்பே விழுந்துவிடுவார், பிறகு எங்களைத் திட்டுவார், திரும்ப எழும்புவார்.

அவர் பழக்கிக்கொண்டிருந்தது தொடையின் முன்தசையை. எழும்பும்போது அது சுருங்கி உழைக்கிறது, இருக்கும்போது நீண்டு உழைக்கிறது. உங்கள் பிள்ளைகளும் இரண்டு கைகளையும் தொடைமேல் வைத்துக்கொண்டு வாங்கிலிருந்து எழும்பி மெல்ல இருந்து பார்க்கட்டும். இரண்டு வழியிலும் இறுகும்.

எங்கள் குடாநாடு தட்டையானது, இறக்கம் என்றால் என்னவென்று எங்கள் கால்களுக்குத் தெரியாது. சிவனொளிபாத மலைக்குப் போய்வந்தவர்களைக் கேளுங்கள். மூச்சு வாங்கியது ஏறும்போது. ஆனால் இரண்டாம் நாள் படியில் கால் வைக்க முடியாமல் தொடை நோவது இறங்கியதால்தான். பாரத்தைத் தாங்கியபடி நீளும் தசையில்தான் நுண்ணிய சேதம் அதிகம், அந்த நோவு ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் உச்சத்துக்கு வரும். ஏற்றத்தை மட்டும் உழைப்பு என்று கணக்கில் எடுக்கும் புத்தகத்தில் இந்த நோவுக்கு விளக்கம் இல்லை.

படத்தைக் கழற்ற வேண்டாம், காசு கொடுத்து வாங்கியிருக்கிறீர்கள். பிள்ளை தன் உடம்பில் தொட்டுக் கண்டுபிடித்த பிறகு அதன் பெயரைப் பார்க்கப் படத்திடம் போகட்டும். அந்த ஒழுங்கை மட்டும் மாற்றாதீர்கள். சோதனையில் "கை நீளும்போது சுருங்கும் தசை எது?" என்று வந்தால் முத்தலைத் தசை என்றே எழுதச் சொல்லுங்கள், என்னை நம்பிப் புள்ளியை இழக்க வேண்டாம். "போத்தல் கையில் இருக்கிறதா, இல்லையா சேர்?" என்று எந்தப் பிள்ளையாவது மண்டபத்தில் எழுந்து கேட்டால் எனக்கு எழுதுங்கள்.