20 தெற்கு, 47 கிழக்கு: சவூதி எப்படி வந்தது?

அக்கா, 20° தெற்கு, 47° கிழக்கு எந்த நாடு என்றதற்கு உங்கள் மகள் சவூதி அரேபியா என்று எழுத, விடை மடகாஸ்கர் என்று வந்ததாகக் கேட்டிருந்தீர்கள். 47-ஐச் சரியாகத்தான் பிடித்திருக்கிறாள். 'தெற்கு' என்பதை விட்டுவிட்டு, நிலநடுக்கோட்டுக்கு மேலே 20 எண்ணியிருக்கிறாள். அங்கே இருப்பது சவூதிதான்.

உங்கள் கும்பகோணத்திலிருந்தே தொடங்கச் சொல்லுங்கள். அது ஏறக்குறைய 11° வடக்கு, 79° கிழக்கு. விரலை வைத்து நேர் தெற்கே இறக்கினால் அதிராம்பட்டினம் பக்கம் கடல் வந்துவிடும். அப்புறம் இலங்கையை வலப்பக்கம் விட்டுவிட்டு இறங்கினால் 0°, அதாவது நிலநடுக்கோடு. அதையும் தாண்டி 20 இறங்கி, மேற்கே 47 வரை நகர்ந்தால் மடகாஸ்கரின் நடுப்பகுதி.

அட்லஸில் 10°-க்கு ஒரு கோடுதான் என்றால், 47-ஐ 40க்கும் 50க்கும் இடையே, 50 பக்கமாகக் குறிக்க வேண்டும்.