தாமே கணினி பொருத்த முனைவோர் கேட்டவையும் என் பதில்களும்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் உதிரி பாகங்களை வாங்கிக் கணினி பொருத்துவதையும், பிறர் பொருத்தியதில் நேர்ந்த பழுதுகளைப் பார்ப்பதையும் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். முதன்முதலாகப் பொருத்த இருப்பவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

சாட்ஸ்வர்த்திலிருந்து ஒரு தாயார்: மெட்ரிக் (பள்ளி இறுதி வகுப்பு) முடிக்கும் என் மகனுக்கு 20,000 ராண்டுக்குள் ஒரு கணினி வேண்டும். பெரும்பகுதியைத் திரையில் படம் காட்டும் கிராபிக்ஸ் கார்டில் போட்டுவிட்டு, பாகங்களுக்கு மின்சாரம் தரும் பவர் சப்ளையை மலிவாக வாங்கிக்கொள்ளலாம் என்கிறான். அது சரிதானா?

சரியில்லை, அம்மா. கிராபிக்ஸ் கார்டு கெட்டால் அது ஒன்றுதான் கெடும். மட்டமான பவர் சப்ளை கெடும்போது, தன்னோடு இணைந்திருக்கும் மதர்போர்டையும் (எல்லாப் பாகங்களும் பொருந்தும் பலகை) டிஸ்க்கையும் சேர்த்துக் கொண்டுபோகக்கூடும். நம் ஊரில் மின்சாரம் போய்த் திரும்பும் கணத்தில் மின்னழுத்தம் துள்ளுவதுண்டு. அந்த அடியை முதலில் தாங்கவேண்டிய பாகம் பவர் சப்ளைதான்.

அதே சமயம், பெட்டியின் மேல் பெரிய எண் எழுதியிருப்பதே தரம் என்றும் உங்கள் மகன் எண்ணிவிட வேண்டாம். ஆர்டிஎக்ஸ் 4060 கார்டு 115 வாட் அளவில் இயங்குவது; ரைசன் 5 7600 பிராசஸர் முழு வேகத்தில் ஏறக்குறைய 88 வாட் எடுக்கும்; மற்ற பாகங்களையும் கூட்டினாலும் 300 வாட்டைத் தாண்டுவது அரிது. ஆகையால் இத்தகைய கணினிக்கு நல்ல தயாரிப்பில் 550 வாட் போதும். பெயர் தெரியாத 850 வாட்டை விட அது எவ்வளவோ மேல். ‘80 பிளஸ்’ முத்திரை, சுவரிலிருந்து இழுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு வீணாகிறது என்பதை மட்டுமே சொல்கிறது. உள்ளே பாதுகாப்புச் சுற்றுகள் ஒழுங்காக இருக்கின்றனவா என்பதைச் சொல்வதில்லை. மின்னழுத்தம் மிகும்போதும் ஷார்ட் ஆகும்போதும் தானே அணைந்துகொள்ளும் வசதி உண்டா, உத்தரவாதம் எத்தனை ஆண்டு என்று கேட்டு வாங்குங்கள். எக்காரணம் கொண்டும் பவர் சப்ளையின் மூடியை அவன் திறக்கக் கூடாது. இணைப்பைப் பிடுங்கிய பிறகும் அதன் கெப்பாசிட்டர்களில் உயிருக்கு ஆபத்தான மின்சாரம் தங்கியிருக்கும்.

டோங்காட்டிலிருந்து: லோட் ஷெடிங் (முறைவைத்து மின்சாரத்தை நிறுத்துவது) குறைந்துவிட்டதே, இன்னும் யூபிஎஸ் (மின்சாரம் போனால் சற்று நேரம் தாங்கும் பேட்டரிப் பெட்டி) தேவையா?

2023ஆம் ஆண்டு நாம் பட்ட பாட்டை நினைத்தால், இப்போதைய நிலை எவ்வளவோ ஆறுதல்தான். ஆனால் கேபிள் திருட்டும், துணை மின்நிலையப் பழுதும், புயல்மழையும் முன்னறிவிப்பு தருவதில்லை. யூபிஎஸ் வாங்கும்போது விஏ (வோல்ட்-ஆம்பியர்) எண்ணைப் பார்க்காமல் வாட் எண்ணைப் பாருங்கள். 650 விஏ என்று எழுதியிருக்கும் சிறியது பெரும்பாலும் 400 வாட்டுக்கும் குறைவாகவே தரும். இன்றைய பவர் சப்ளைகளுடன் தூய சைன் அலை (சுவர் மின்சாரத்தைப் போன்ற சீரான அலை) தரும் யூபிஎஸ் இசைந்து போகும். மலிவான வகைகள் சிலவற்றில், மின்சாரம் மாறும் நொடியில் கணினி அணைந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். வேலையைச் சேமித்து முறையாக அணைக்கப் பத்து நிமிடம் கிடைத்தால் போதும். யூபிஎஸ் இல்லாதவர்கள், மின்சாரம் போனதும் சுவர் சுவிட்சை அணைத்துவிட்டு, திரும்பி வந்து சில நிமிடங்கள் கழித்துப் போடுவதைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

லெனேசியாவிலிருந்து ஒரு மாணவர்: நிலைமின்சாரம் பாகங்களைக் கெடுக்காமலிருக்கக் கையில் பட்டை கட்டியே ஆகவேண்டுமா?

ஈரக்காற்று வீசும் டர்பனில் இருப்பவர் கேட்டிருந்தால், கேபினெட்டின் உலோகத்தை அடிக்கடி தொட்டுக்கொண்டால் போதும் என்றிருப்பேன். உங்கள் ஜொகன்னஸ்பர்க்கின் குளிர்காலமான ஜூன், ஜூலை மாதங்களில் காற்று வறண்டுகிடக்கும். கம்பளி ஜெர்சியைக் கழற்றும்போதே பொறி தெறிக்கும். நீங்கள் பட்டையைக் கட்டிக்கொள்ளுங்கள், தம்பி. தரைவிரிப்பின் மேல் நின்று வேலை செய்யாதீர்கள். மதர்போர்டை அது வந்த அட்டைப்பெட்டியின் மேல் வையுங்கள். கோடையில் உங்கள் பக்கம் மாலைநேர இடிமழை கடுமையாக இருக்குமாதலால், மேகம் கறுக்கும்போது மின்கம்பியை மட்டுமன்றி நெட்வொர்க் கேபிளையும் கழற்றிவிடுங்கள். மின்னல் அந்த வழியாகவும் வரும்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்: எல்லாவற்றையும் பொருத்திவிட்டேன். விசிறிகள் சுழல்கின்றன, திரை மட்டும் இருட்டாகவே இருக்கிறது. மதர்போர்டைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா?

சற்றுப் பொறுங்கள், ஐயா. இப்படி என்னிடம் வந்தவற்றுள் மதர்போர்டே கெட்டிருந்தது மிகச் சிலவற்றில்தான். உங்களுடையது டிடிஆர்5 வகை ராம் (தற்காலிக நினைவகம்) என்றால், முதல் முறை இயக்கும்போது மதர்போர்டு அந்த ராமைச் சோதித்துத் தனக்கேற்ப அமைத்துக்கொள்ளச் சில நிமிடங்கள் எடுக்கும். அதுவரை திரை இருட்டாகத்தான் இருக்கும். இதை அறியாமல் நடுவே அணைத்து, மீண்டும் போட்டு, மீண்டும் அணைத்துத் தவிப்பவர்கள் பலர். பத்து நிமிடம் தொடாமல் விட்டுப்பாருங்கள்.

அப்படியும் வரவில்லையென்றால், மானிட்டர் கேபிள் மதர்போர்டில் செருகப்பட்டிருக்கிறதா, கிராபிக்ஸ் கார்டில் செருகப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள், கார்டில்தான் இருக்கவேண்டும். பெயரின் முடிவில் ‘எஃப்’ எழுத்துள்ள பிராசஸர்களுக்குத் தாமாகப் படம் காட்டும் திறன் கிடையாது. அடுத்து, பிராசஸருக்கு அருகே மதர்போர்டின் மேல்மூலையில் உள்ள எட்டு முள் இணைப்பைக் கவனியுங்கள். கிராபிக்ஸ் கார்டுக்கான எட்டு முள் கேபிளும் பார்வைக்கு அதைப் போலவே இருக்கும். முன்னது நான்கும் நான்குமாகவும், பின்னது ஆறும் இரண்டுமாகவும் பிரியும். ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வலிந்து செருகினால் பாகம் எரியும். ராம் இரண்டு பட்டையாக, மதர்போர்டில் பள்ளங்கள் நான்காக இருந்தால், பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது பள்ளங்களில் இருக்கவேண்டும். இருபுறமும் ‘கிளிக்’ என்று கேட்கும்வரை அழுத்தவேண்டும். கேபினெட்டில் மதர்போர்டைத் தாங்கும் பித்தளைக் குமிழ்களுள் ஏதேனும் ஒன்று துளையில்லாத இடத்தில் மாட்டப்பட்டு, அடிப்புறத்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறதா என்பதையும் பார்க்கவேண்டும். இவை எல்லாம் சரியாக இருந்தும் திரை வராவிட்டால், உங்கள் பிராசஸருக்குக் குறைந்தது எந்தப் பயாஸ் (மதர்போர்டை இயக்கும் அடிப்படை மென்பொருள்) பதிப்பு தேவை என்று மதர்போர்டு தயாரிப்பாளரின் இணையப் பக்கத்தில் தேடிப் பாருங்கள்.

ஃபீனிக்ஸிலிருந்து: பழைய பவர் சப்ளையின் கேபிள்கள் நீளமாக இருக்கின்றன. அவற்றையே புதியதில் மாட்டலாமா?

கூடவே கூடாது. கழற்றி மாட்டும் கேபிள்களில், டிஸ்க் பக்கத்து முனைக்குத்தான் பொதுவான அமைப்பு உண்டு. பவர் சப்ளை பக்கத்து முனையை ஒவ்வொரு தயாரிப்பாளரும் தம் விருப்பப்படி அமைக்கிறார்கள். செருகினால் ஒழுங்காகப் பொருந்தும். 5 வோல்ட் போகவேண்டிய கம்பியில் 12 வோல்ட் போகும். இதே தவற்றை நான் செய்து, இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளை ஒரே நொடியில் இழந்தேன். அவற்றுள் ஒன்றில் என் தங்கையின் திருமணப் படங்கள் இருந்தன. வேறு பிரதி இல்லை. இன்றும் அவள் வீட்டுக்குப் போகும்போது அது நினைவுக்கு வருகிறது.

கேப் டவுனிலிருந்து: பயன்படுத்திய பிராசஸர் வாங்கலாமா?

பொதுவாக வாங்கலாம். ஆனால் இன்டெல் 13, 14ஆம் தலைமுறைகளின் உயர்நிலை டெஸ்க்டாப் வகைகளில், மிகுந்த மின்னழுத்தத்தால் சிப் தேய்ந்து நிலைகுலையும் கோளாறு வெளிப்பட்டது. 2024இல் அந்நிறுவனம் திருத்த மைக்ரோகோடை (பிராசஸரின் உள் மென்பொருள்) வெளியிட்டதுடன் உத்தரவாதத்தையும் இரண்டு ஆண்டு நீட்டியது. திருத்தம் மேலும் தேய்வதைத் தடுக்குமேயன்றி, முன்பே தேய்ந்ததைச் சரிசெய்யாது. முன் உரிமையாளர் எப்படி இயக்கினார் என்று தெரியாமல் அவற்றை வாங்காதீர்கள். ஏஎம்4 என்ற பழைய சாக்கெட்டுக்கான ரைசனில் முட்கள் பிராசஸரின் அடியிலேயே இருப்பதால், அதைக் குளிர்விக்கும் கூலரை நேராக மேலே இழுத்தால் பிராசஸரும் பிய்ந்து வரும். கணினியைச் சற்று நேரம் இயக்கிச் சூடாக்கி அணைத்தபின், மெல்லத் திருகி எடுக்கவேண்டும்.

ஓவர்போர்ட்டிலிருந்து: இணையத்தில் வாங்கிய பாகம் பழுதென்றால் கடைக்காரர் பொறுப்பேற்பாரா?

இணையத்தில் வாங்கிய பெரும்பாலான பொருள்களை, கையில் கிடைத்த ஏழு நாளுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பலாம் என்று நம் நாட்டு மின்னணு வணிகச் சட்டம் சொல்கிறது. அனுப்பும் செலவு நம்முடையது. அதற்குப் பிறகும், பழுதான பொருளுக்கு ஆறு மாதம் வரை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் துணைநிற்கும். பழுதுநீக்கமா, மாற்றுப் பொருளா, பணமா என்று தேர்வு செய்வது நம் உரிமை. ஆனால் மதர்போர்டில் பிராசஸர் அமரும் சாக்கெட்டில் முள் வளைந்திருந்தால் வாங்கியவர்தான் வளைத்தார் என்பார்கள். ஆகவே பெட்டியைப் பிரிப்பதையும், சாக்கெட்டின் நிலையையும், பிராசஸரை வைப்பதற்கு முன்பே தெளிவாகப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பிளஃபிலிருந்து: கடற்காற்று கெடுக்குமா?

கெடுக்கும். உப்பு ஈரம் திருகுகளையும் இணைப்பு முனைகளையும் அரிக்கும். கடலைப் பார்த்த ஜன்னலோரம் வைக்காதீர்கள்; மாதக்கணக்கில் அணைத்தே போட்டுவைக்காமல், அவ்வப்போது இயக்குங்கள்.

ஸ்டேங்கரிலிருந்து பதின்மூன்று வயதுப் பெண்: டிசம்பர் விடுமுறையில் தாத்தாவோடு சேர்ந்து பொருத்தப்போகிறேன். எவ்வளவு நேரம் ஆகும்?

ஒரு முழுநாளை ஒதுக்கிவையுங்கள், கண்ணு. முதலில் பிராசஸர், கூலர், ஒரு ராம் பட்டை இவற்றை மட்டும் (பிராசஸர் ‘எஃப்’ வகையானால் கிராபிக்ஸ் கார்டையும் சேர்த்து) மதர்போர்டில் மாட்டி, பவர் சப்ளையை இணைத்து, கேபினெட்டுக்கு வெளியே அட்டையின் மேல் வைத்து இயக்கிப் பாருங்கள்; திரை வந்தபின் உள்ளே பொருத்தலாம். கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரிக்க மறக்காதே. ஏதேனும் ஒரு திருகோ கேபிளோ குறைந்தால் போய் வாங்கிவர முடியும்படி, கடைகள் திறந்திருக்கும் சனிக்கிழமை காலையில் தொடங்குங்கள்.