புழு பூச்சிக்கு ஆன்டிபாடி இல்லையே, அப்புறம் எப்படி?

கேள்வி: பூச்சிங்க பாதி நேரம் அழுக்குலதான் கிடக்குது, ஆன்டிபாடியும் (ஒவ்வொரு கிருமிக்கும் தனியா நம்ம உடம்பு தயாரிக்கிற எதிர்ப்பு புரோட்டீன்) கிடையாதாம். அப்போ உள்ள பாக்டீரியா போனா அதோட ரத்த செல்லுக்கு எப்படி தெரியும்?

பதில்: நல்ல கேள்விங்க. பூச்சியோட ரத்த செல் ஒவ்வொரு கிருமியையும் தனித்தனியா தெரிஞ்சு வச்சிருக்கிறதில்ல, அது பாக்குறது கிருமியோட சுவர. பாக்டீரியாவ சுத்தி பெப்டிடோகிளைக்கான்னு ஒரு வலை மாதிரி சுவர் இருக்கும், எந்த மிருகமோ பூச்சியோ அத தயாரிக்கிறதில்ல, அதனால அந்தத் துண்டு ரத்தத்துல தட்டுப்பட்டாலே வெளியாள் வந்துட்டான்னு அர்த்தம். அதப் புடிக்கவே தனியா புரோட்டீன்கள் இருக்கு, சிலது செல் மேல ஒட்டியிருக்கும், சிலது ரத்தத்துல மிதக்கும். இதுல எனக்கு ரொம்ப புடிச்ச விஷயம், சுவர்ல ஒரே ஒரு அமினோ அமிலம் மாறினாலும் இந்த புரோட்டீன்கள் கண்டுபுடிச்சிடும், அத வச்சு பாக்டீரியா கிராம் பாசிட்டிவ்வா நெகட்டிவ்வான்னு, அதாவது சுவரோட அமைப்புல ரெண்டு வகையில எதுன்னு, பெரும்பாலும் பிரிச்சு வேற வேற அலாரம் அடிக்கும் (நமக்கு இதுக்கு லேப்ல சாயம் போட்டுப் பாக்கணும்!).

அடுத்தது சாப்பாடுதான். பழ ஈயோட புழுவுல ரத்த செல்லுல கிட்டத்தட்ட 95 சதவீதம் முழுங்குற வகை. பாக்டீரியா ஒட்டின இடத்துல செல்லோட தோல் ரெண்டு பக்கமும் எழும்பி அத மூடிக்கும், உள்ள ஒரு பை மாதிரி ஆயிடும், அதுக்குள்ள ஆசிடும் என்சைமும் வந்து சேரும், அவ்ளோதான் கதை முடிஞ்சுது. கூட்டமா வந்தா முழுங்கி மாளாது, அப்போ நிறைய செல்லுங்க சேந்து கிருமிகள நடுவுல வச்சு முடிச்சு போட்டுடும், அந்த முடிச்சு மெலனின்ங்கிற கருப்பு நிறமி ஏறி கருப்பாயிடும். அடிபட்ட புழு மேல பாத்தீங்கன்னா காயம் பட்ட இடத்துல கருப்பா ஒரு புள்ளி இருக்கும், அதுவும் இதே மெலனின்தான்.

இதுக்கு நடுவுல கொழுப்புத் திசு சில மணி நேரத்துல கிருமிக்கொல்லி பெப்டைட (குட்டி புரோட்டீன்) தயாரிச்சு ரத்தத்துல கொட்டும், அந்த பெப்டைடுகள்ல நிறைய, பாக்டீரியாவோட மெம்பிரேன்ல (மெல்லிய சவ்வு) ஓட்டை போடும். செக்ரோபின்னு அப்படி ஒரு பெப்டைட 1980 வாக்குல ஒரு அந்துப்பூச்சியோட கூட்டுப்புழுவுல இருந்து சுவீடன்ல பிரிச்சாங்க. 1996ல டோல்னு இந்த அலாரத்துல பங்கு இருக்குற ஒரு ஜீன் வேலை செய்யாத பழ ஈங்க பூஞ்சை வந்து செத்துப் போறத விஞ்ஞானி ஜூல்ஸ் ஹாஃப்மனோட குழு காட்டினாங்க, 2011 நோபல்ல அவருக்கும் பங்கு கிடைச்சது. அதே டோலுக்கு உறவுக்கார ஜீன்கள் நம்ம உடம்புலயும் இருக்கு.

கேள்வி: ஒரு தடவ வந்த கிருமிய ஞாபகம் வச்சுக்குமா?

பதில்: நம்மள மாதிரி கிடையாது. ஆனா சுத்தமா இல்லன்னும் சொல்ல முடியாது, பழ ஈக்கு செத்த நிமோனியா பாக்டீரியாவ முன்னாடியே ஊசியில குடுத்து வச்சா, அப்புறம் சாகுற அளவு உயிருள்ளத குடுத்தாலும் தப்பிக்குது. அதுக்கும் இந்த முழுங்குற செல்லுதான் வேணும்.