வேர்ஹவுஸில் யூனியன் கார்டை நீட்டினால்

நியூஜெர்சியில் வேர்ஹவுஸ் வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது, கூட வேலை பார்ப்பவர் யூனியன் கார்டை நீட்டுகிறார், கையெழுத்துப் போட்டால் வேலை போகுமா, கிரீன் கார்டுக்குச் சிக்கலா என்று கேட்டிருக்கிறீர்கள் தம்பி.

கிரீன் கார்டு பயத்தை முதலில் விடுங்கள். யூனியனில் சேர்வதால் அது பறிபோகாது. குடியுரிமைப் படிவத்தில் கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்ததுண்டா என்று ஒரு கேள்வி வரும். ஊரில் சங்கம் என்றாலே கொடியும் கட்சியும் கூடவே வருவதால் நம்மவர்கள் அதைப் பார்த்து மிரள்கிறார்கள். இங்கே யூனியன் எந்தக் கட்சியின் கிளையும் அல்ல. ஊரில் ஒரே ஆலைக்குள் மூன்று சங்கம்கூட இருக்கும். இங்கே ஒரு பிரிவுக்கு ஒரே யூனியன்தான். எதிர்த்து ஓட்டுப் போட்டவருக்கும் அதுவே பேசும்.

அந்தக் கார்டு, யூனியன் என் சார்பில் கம்பெனியோடு பேசட்டும் என்று நீங்கள் தரும் ஒப்புதல். அதில் பெயர், முகவரி, கம்பெனி, ஷிஃப்ட், கையெழுத்து, தேதி இருக்கும். தேதி இல்லாத கார்டு கணக்கில் சேராது. உங்கள் கையாலேயே எழுதுங்கள். 30 சதவீதம் பேர் கையெழுத்துப் போட்டால் தேசியத் தொழிலாளர் உறவு வாரியத்தில் தேர்தல் கேட்கலாம். வாரியம் கார்டுகளைக் கம்பெனிக்குக் காட்டாது. விவரம் தெரிந்தவர்கள் 30-இல் நிற்காமல் 60, 70 சதவீதம் சேரும்வரை பொறுப்பார்கள். மனு போட்டதும் கம்பெனி கூட்டம் போட்டுப் பேச ஆரம்பிக்கும், பாதிப் பேர் பின்வாங்குவார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். தேர்தல் ரகசிய வாக்கெடுப்பு. 200 பேரில் 120 பேர் ஓட்டுப் போட்டால் 61 போதும்.

வேலை போகுமா? 1935-ஆம் ஆண்டின் தேசியத் தொழிலாளர் உறவுச் சட்டப்படி இதற்காக நீக்கக் கூடாது. ஆனால் இங்கே காரணமே சொல்லாமலும் வேலையை விட்டு அனுப்பலாம் என்பதால், மூன்று நிமிடத் தாமதத்தைக் காட்டி அனுப்பிவிட்டு "யூனியனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை" என்பார்கள். ஆகவே இந்த நாட்களில் பஞ்ச் நேரம் தவறவே கூடாது. கார்டுப் பேச்சை இடைவேளையில், பிரேக் ரூமில் வைத்துக்கொள்ளுங்கள். சூப்பர்வைசர் மிரட்டினால் அன்றிரவே தேதி, மணி, சொன்ன வார்த்தை, பக்கத்தில் நின்றவர் பெயர் எல்லாவற்றையும் சொந்த நோட்டில் எழுதுங்கள். கம்பெனி போனில் வேண்டாம். வாரியத்தில் புகார் கொடுக்கச் செலவில்லை, வக்கீலும் தேவையில்லை. சம்பவம் நடந்த ஆறு மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். ஜெயித்தால் வேலையும் பாக்கிச் சம்பளமும் கிடைக்கும், இடையில் வேறெங்காவது சம்பாதித்ததைக் கழித்துக்கொண்டு. கம்பெனிக்கு அபராதம் கிடையாது. வழக்கும் வருடக்கணக்கில் இழுக்கும். இந்தச் சட்டத்துக்குப் பல் குறைவு என்று சும்மா சொல்லவில்லை.

நம்மவர்கள் அதிகம் சறுக்குவது வேறு இடத்தில். தனியாக எச்.ஆர். அறைக்குப் போய் "எனக்குச் சம்பளம் குறைவு" என்று பணிவாகச் சொன்னால், அது உங்கள் சொந்தக் குறை. இந்தச் சட்டம் பெரும்பாலும் காக்காது. இன்னொருவரையும் கூட்டிக்கொண்டு "எங்கள் ஷிஃப்டுக்கு" என்று கேட்டால் அது கூட்டு நடவடிக்கை, யூனியனே இல்லாத இடத்திலும் பாதுகாப்பு உண்டு. சம்பளத்தை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதற்கும் அப்படியே. சொல்லக் கூடாது என்று கம்பெனி விதி போட்டால் பொதுவாக அது செல்லாது.

யூனியன் வந்தபின், தண்டனையில் முடியக்கூடிய விசாரணைக்கு அழைத்தால் "என் ஸ்டீவர்ட் (வேலையிடத்தில் உள்ள யூனியன் பிரதிநிதி) வரட்டும்" என்று கேட்க உரிமை உண்டு. 1975-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. நீங்கள் வாய்திறந்து கேட்டால்தான் உண்டு. அவர்களாக நினைவூட்ட மாட்டார்கள்.

சந்தா, பெரும்பாலான யூனியன்களில் கம்பெனியோடு முதல் ஒப்பந்தம் நிறைவேறிய பிறகுதான் பிடிப்பார்கள். அதற்கே ஒரு வருடத்துக்கு மேல் ஆகலாம். கட்டணம் பற்றிய விதி மாநிலத்துக்கு மாநிலம் மாறும். நியூஜெர்சியில் ஒப்பந்தத்தில் அப்படி எழுதியிருந்தால் உறுப்பினர் அல்லாதவரும் கட்டணம் கட்ட வேண்டும். டெக்சாஸில் கட்டாயப்படுத்த முடியாது.

உங்களை 'லீட்' என்று அழைக்கிறார்கள் என்றால் ஒன்றைப் பாருங்கள். ஆளை எடுக்க, நீக்க, தண்டிக்க உங்களுக்கு அதிகாரம் இருந்தால் சட்டத்தின் கண்ணில் நீங்கள் சூப்பர்வைசர். பாதுகாப்பு இல்லை, கார்டும் எண்ணப்படாது. பெட்டி எண்ணி ஷீட்டில் எழுதுவது மட்டும்தான் வேலை என்றால் தாராளமாகப் போடலாம்.