புனிதரிடம் கேட்கிறோமா, புனிதரோடு கேட்கிறோமா?

கேள்வி: நான் புராட்டஸ்டன்ட் குடும்பத்தில் பிறந்தவள், கல்யாணமாகி வந்தது கத்தோலிக்க வீடு. மாமியார் தினமும் அந்தோணியார் சுரூபத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றி ஜெபம் சொல்கிறார், என்னையும் பக்கத்தில் வந்து நிற்கச் சொல்கிறார். கடவுளுக்கும் மனிதருக்கும் மத்தியஸ்தர் ஒருவரே என்று படித்து வளர்ந்த எனக்கு மனசு ஒப்பவில்லை. இறந்துபோனவரிடம் வேண்டுவது விக்கிரக ஆராதனை ஆகாதா?

பதில்: சகோதரி, முதலில் ஒன்று செய்யுங்கள். மாமியார் சொல்லும் ஜெபத்தில் பதில்மொழியை மட்டும் காது கொடுத்துக் கேளுங்கள். புனிதர்களின் மன்றாட்டு மாலை, அதாவது ஒருவர் பெயர்களைச் சொல்லச் சொல்ல மற்றவர்கள் பதில் சொல்லும் ஜெபம், 'ஆண்டவரே இரக்கமாயிரும், கிறிஸ்துவே இரக்கமாயிரும்' என்றுதான் தொடங்கும். மரியாளின் பெயர் வந்த அந்த நொடியில் பதில் மாறிவிடும்: 'எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.' அப்புறம் வானதூதர், அப்போஸ்தலர், மறைசாட்சிகள் (விசுவாசத்துக்காக உயிர்விட்டவர்கள்) என்று எத்தனை பெயர் வரிசையாக வந்தாலும் 'வேண்டிக்கொள்ளும்'தான், ஒருவருக்குக்கூட 'இரக்கமாயிரும்' கிடையாது. கடைசியில் இறைவனின் செம்மறியே என்று கிறிஸ்துவைக் கூப்பிடும்போதுதான் அந்தச் சொல் திரும்பி வரும். என் அம்மா படுக்கையில் கிடந்த கடைசி நாட்களில் ராத்திரி இதை நான்தான் வாசிப்பேன், அவருக்குக் குரல் போய்விட்டது, உதடு மட்டும் அசையும். எந்த இடத்தில் உதட்டசைவு மாறுகிறது என்று பார்த்துப் பார்த்துத்தான் இந்த வித்தியாசம் எனக்கே உறைத்தது, அதுவரை அத்தனை வருஷம் வாயால் சொல்லிக்கொண்டிருந்தேனே தவிர கவனித்ததில்லை.

கொடுப்பவர் ஒருவர். கூட நின்று கேட்பவர்கள் பலர். திருச்சபை சொல்வது இவ்வளவுதான். கடவுளுக்கு மட்டும் உரியது ஆராதனை, புனிதருக்குத் தருவது வணக்கம். கிரேக்கத்தில் இரண்டுக்கும் லாத்ரியா, தூலியா என்று தனித்தனிச் சொல்லே வைத்திருந்தார்கள். இது பிற்காலத்தில் சாக்குக்காகக் கண்டுபிடித்த வித்தியாசமும் இல்லை. இரண்டாம் நூற்றாண்டில் சிமிர்னா நகரத்து ஆயர் (பிஷப்) போலிகார்ப்பைத் தீயிலிட்டுக் கொன்றபோது, அவருடைய சபையார் எலும்புகளைப் பொறுக்கிப் பத்திரப்படுத்தினார்கள். கிறிஸ்துவை விட்டுவிட்டு இனி இவரைக் கும்பிடப் போகிறார்கள் என்று அன்றைக்கே ஒரு பேச்சு கிளம்பியது. கிறிஸ்துவை இறைமகன் என்று ஆராதிக்கிறோம், மறைசாட்சிகளை அவருடைய சீடர்கள் என்று நேசிக்கிறோம், அவ்வளவுதான் என்று அவர்கள் எழுதிவைத்தது இன்றும் இருக்கிறது. சுரூபங்கள், படங்கள் விஷயமும் 787-இல் கூடிய இரண்டாம் நிசேயா பொதுச்சங்கத்தில், அதாவது ஆயர்கள் கூடிய பேரவையில், பேசி முடிக்கப்பட்டது: படத்துக்குச் செய்யும் மரியாதை படத்தில் இருப்பவருக்குப் போகிறது, மரத்துக்கும் சுண்ணாம்புக்கும் அல்ல.

ஒரே மத்தியஸ்தர் என்ற வசனம் 1 தீமோத்தேயு 2:5. அதை நீங்கள் விட்டுக்கொடுக்கவே வேண்டாம், கத்தோலிக்கரும் அதை அப்படியே நம்புகிறார்கள். ஆனால் அதே அதிகாரம் எப்படித் தொடங்குகிறது என்று பாருங்கள்: எல்லா மனிதருக்காகவும் வேண்டுதல் செய்யுங்கள் என்றுதான். பவுல் தாமே ரோமையருக்கு எழுதும்போது எனக்காகக் கடவுளிடம் மன்றாடுங்கள் என்று கெஞ்சுகிறார் (15:30). நீங்களும் சபையில் யாரிடமாவது 'எனக்காக ஜெபம் பண்ணுங்க' என்று சொல்லியிருப்பீர்கள், அதனால் அவரை மத்தியஸ்தர் ஆக்கிவிட்டதாக யாரும் சொன்னதில்லை. ஆக நம் இரு பக்கத்துக்கும் நடுவில் உள்ள உண்மையான கேள்வி ஒன்றே ஒன்றுதான்: உயிரோடிருக்கிறவரிடம் கேட்கலாம் சரி, இறந்தவரிடம் கேட்கலாமா?

இங்கே உங்கள் தயக்கத்தை நான் மதிக்கிறேன். இறந்தவர்களிடம் குறி கேட்பதை உபாகமம் 18 கண்டிப்பாகத் தடுக்கிறது. நாளைக்கு என்ன நடக்கும் என்று ஆவியை வரவழைத்துக் கேட்பது அது, பழைய ஏற்பாட்டில் சவுல் அரசன் செய்த வேலை. எனக்காகக் கடவுளிடம் கேளுங்கள் என்று சொல்வது வேறு என்று கத்தோலிக்கரும் ஆர்த்தடாக்ஸ் சபையாரும் சொல்கிறார்கள். ஆபிரகாமின் கடவுள் இறந்தோரின் கடவுள் அல்ல, வாழ்வோரின் கடவுள் என்றார் இயேசு. எபிரேயர் 12:1 நம்மைச் சுற்றி மேகம்போலத் திரண்ட சாட்சிகள் இருப்பதாகச் சொல்கிறது. வெளிப்படுத்தல் 5:8-இல் விண்ணகத்து மூப்பர்கள் பரிசுத்தவான்களின் ஜெபங்களைப் பொற்கிண்ணத்தில் தூபமாக ஏந்தி நிற்கிறார்கள். சாவு அந்த உறவை அறுத்துவிடவில்லை என்பதுதான் 'புனிதர்களின் சமூக உறவை நம்புகிறேன்' என்று விசுவாச அறிக்கையில் சொல்வதன் பொருள். நீங்களும் 'பரிசுத்தவான்களின் ஐக்கியம்' என்று அதையே சொல்கிறீர்கள்.

பிற்பாடு புராட்டஸ்டன்ட் சபைகள் பிரியக் காரணமான மார்ட்டின் லூத்தர் 1505-இல் இடிமின்னலுக்கு நடுவில் மாட்டிக்கொண்டபோது முதலில் அவர் வாயில் வந்தது 'புனித அன்னாவே, காப்பாற்றும்' என்ற கூப்பாடுதான். பிற்பாடு அவரே அந்தப் பழக்கத்தை விட்டார், அவர் காலத்தில் புனிதர் பெயரால் நடந்த வியாபாரத்தைப் படித்தால் ஏன் விட்டார் என்பது விளங்கும். ஆனால் லூத்தரன் சபையின் 1530-ஆம் ஆண்டு ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையேகூட புனிதர்களை மறக்கச் சொல்லவில்லை. அவர்களை நினைவுகூருங்கள், அவர்கள் விசுவாசத்தைப் பின்பற்றுங்கள், ஆனால் உதவிக்குக் கூப்பிடும்படி வேதத்தில் இல்லை என்கிறது. மறுபக்கம் 1563-இல் திரெந்து பொதுச்சங்கம், புனிதர்களிடம் பரிந்துரை கேட்பது நல்லது, பயனுள்ளது என்றது. கேட்காவிட்டால் மீட்பில்லை என்று சொல்லவில்லை. எனவே உங்களை யாரும் கட்டாயப்படுத்த முடியாது. மாமியார் பக்கத்தில் நில்லுங்கள், உங்கள் ஜெபத்தை நேராக இயேசுவிடம் சொல்லுங்கள். அவர் விக்கிரகத்தைக் கும்பிடுகிறார் என்று மட்டும் நினைக்காதீர்கள், அது அவருக்குச் செய்கிற அநியாயம்.

கேள்வி: போப் ஒருவரைப் புனிதராக ஆக்கினால்தான் அவர் மோட்சம் போவாரா? எந்த அடிப்படையில் ஆக்குகிறார்கள்?

பதில்: ஆக்குவதில்லை, இருப்பதை அறிவிக்கிறார்கள். இந்த ஒரு சொல்லில்தான் எல்லாக் குழப்பமும்.

தொடக்கத்தில் மறைசாட்சிகளின் கல்லறையில் மக்கள் கூடினார்கள், அந்தந்த ஆயர் சரி என்றார், அதோடு முடிந்தது. ஆக்ஸ்பர்க் ஆயர் உல்ரிக்கை 993-இல் அறிவித்ததுதான் திருத்தந்தை (போப்) முறைப்படி செய்த முதல் அறிவிப்பு என்று பொதுவாகச் சொல்வார்கள். இப்போதுள்ள முறை 1983-இல் இரண்டாம் யோவான் பவுல் திருத்தியது. ஒருவர் இறந்து ஐந்து வருஷமாவது போக வேண்டும், அப்புறம்தான் ஆயர் விசாரணை தொடங்கலாம். தெரிந்தவர்களைக் கூப்பிட்டுச் சாட்சியம் வாங்குவார்கள், அவர் எழுதியதையெல்லாம் தேடிப் படிப்பார்கள். இறை ஊழியர், வணக்கத்துக்குரியவர், அருளாளர், புனிதர் என்று படி நான்கு. அருளாளர் ஆவதற்கு அவர் பரிந்துரையால் நடந்த ஒரு புதுமை (அற்புதம்), புனிதர் ஆவதற்கு அதன்பின் இன்னொன்று. மறைசாட்சியாக உயிர்விட்டவருக்கு முதல் புதுமை தேவையில்லை. நோய் குணமான புதுமை என்றால் மருத்துவர்கள் குழு உட்கார்ந்து பார்க்கும்: சட்டென்று குணமானதா, முழுசாகக் குணமானதா, திரும்ப வராமல் இருக்கிறதா, மருத்துவத்தால் விளக்க முடிகிறதா?

எதிர்த்துப் பேசுகிறவர்களையும் கேட்க வேண்டும் என்பது இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அன்னை தெரசாவைக் கடுமையாக விமர்சித்துப் புத்தகமே எழுதிய ஒருவரைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சாட்சியம் வாங்கினார்கள். அன்னை தெரசாவுக்கு ஐந்து வருஷக் காத்திருப்பைத் தளர்த்தினார்கள் என்றாலும் 1997-இல் இறந்தவர் புனிதரானது 2016-இல்தான். எல்லோருக்கும் இவ்வளவு வேகம் கிடையாது. பிரான்ஸுக்காகப் போரிட்ட ஜோன் ஆஃப் ஆர்க்கை 1431-இல் ஓர் ஆயர் தலைமையேற்ற நீதிமன்றமே குற்றவாளி என்றது, உயிரோடு எரித்தார்கள். 25 வருஷம் கழித்து அந்தத் தீர்ப்பு செல்லாது என்றார்கள். புனிதர் என்று அறிவித்தது 1920-இல்! நடுவில் இருந்த கிட்டத்தட்ட 500 வருஷமும் அவர் கடவுளிடம்தான் இருந்தார், பட்டம் வந்த நாளில் புதிதாக உள்ளே போகவில்லை.

இயேசுவே தம் வாயால் 'இன்றைக்கு நீ என்னோடு பேரின்ப வீட்டில் இருப்பாய்' என்று சொன்னது யாரிடம்? பக்கத்துச் சிலுவையில் தொங்கிய குற்றவாளியிடம். விசாரணையும் புதுமையும் இல்லாமல் அன்றைக்கே போனவர்.

கேள்வி: ஒன்பது நாள் நவநாள் தவறாமல் செய்தேன், கேட்டது கிடைக்கவில்லை. ஏழாம் நாள் மெழுகுவர்த்தி பாதியில் அணைந்துவிட்டது, அதனால்தானோ என்று பயமாக இருக்கிறது. இந்த ஜெபத்தை 13 பேருக்கு அனுப்பாவிட்டால் கெட்டது நடக்கும் என்று மொபைலில் வேறு வருகிறது.

பதில்: மெழுகுவர்த்தி அணைந்தால் திரும்ப ஏற்றுங்கள். அந்தச் செய்தியை உடனே அழியுங்கள், 13 பேர் இல்லை, ஒருவருக்கும் அனுப்பாதீர்கள். ஜெபத்தின் பலன் எண்ணிக்கையிலும் வெளிச் சடங்கிலும் இருக்கிறது என்று நினைப்பதை மூடநம்பிக்கை என்று கத்தோலிக்க மறைக்கல்வி ஏடே பெயர் சொல்லிக் கண்டிக்கிறது. புனிதர் பழிவாங்குகிறவர் இல்லை. கேட்டது கிடைக்காத வலிக்கு என்னிடம் மருந்தில்லை. பிடிபடுவதற்கு முன் கெத்சமனித் தோட்டத்தில் இந்தத் துன்பம் நீங்கட்டும் என்று இயேசு கேட்டதும் கிடைக்கவில்லை என்பதை மட்டும் நினைத்துக்கொள்ளுங்கள், அந்த ராத்திரி அவர் பக்கத்திலேயே இருந்த சீடர்கள் தூங்கிப்போனார்கள்.

கேள்வி: என் பாட்டி யாருக்கும் தெரியாமல் வாழ்ந்து போனவர். படிப்பில்லை, கோபம் வேறு அதிகம் வரும். ஆனால் வீட்டுக்கு வந்த யாரையும் வெறுங்கையாக அனுப்பினதில்லை, ஜெபிக்காமல் தூங்கினதில்லை. அவரிடம் எனக்காக வேண்டச் சொல்வது தப்பா?

பதில்: தப்பில்லை. புனிதர் என்றால் குறையே இல்லாதவர் என்று யாரோ நமக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். பவுல் தம் கடிதங்களில் பரிசுத்தவான்கள் என்று கூப்பிட்டது உயிரோடு நடமாடிக்கொண்டிருந்த சாதாரண விசுவாசிகளை. கொரிந்து சபையைப் பாருங்கள், கோஷ்டிச் சண்டை, ஒருவர்மேல் ஒருவர் வழக்கு, திருவிருந்தில்கூட ஒருவன் பசியோடும் ஒருவன் குடிவெறியோடும். அவர்களைத்தான் பரிசுத்தவான்களாக அழைக்கப்பட்டவர்கள் என்று முதல் அதிகாரத்திலேயே எழுதுகிறார், அப்புறம் பல அதிகாரங்களில் திட்டித் தீர்க்கிறார், அழைப்பைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. மூலத்தில் உள்ள 'ஹாகியோஸ்' என்ற சொல்லுக்கு கடவுளுக்கென்று ஒதுக்கப்பட்டவர் என்று பொருள். புனிதர் ஜெரோமுக்கும் பயங்கரக் கோபம் வரும், அவர் எழுதிய கடிதங்களே சாட்சி. ஆகையால் பாட்டியின் கோபத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள்.

நவம்பர் 1-ஆம் தேதி மேலைத் திருச்சபை எல்லாப் புனிதர் பெருவிழா கொண்டாடுவது உங்கள் பாட்டி மாதிரிப் பெயர் தெரியாதவர்களுக்கும் சேர்த்துத்தான். ஆர்த்தடாக்ஸ் சபையார் பெந்தெகொஸ்தேக்கு அடுத்த ஞாயிறு கொண்டாடுகிறார்கள். கோயிலில் எல்லோரும் கூடிச் சொல்கிற வழிபாட்டில் அவர் பெயரைச் சேர்க்க முடியாது, அதற்கு அந்த அறிவிப்பு வேண்டும். வீட்டில் தனியாகச் சொல்லும் ஜெபத்துக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. அவருக்காகவும் ஜெபியுங்கள், அவரையும் ஜெபிக்கச் சொல்லுங்கள், கத்தோலிக்க வழக்கத்தில் இரண்டும் சேர்ந்தே போகும். ராத்திரி மன்றாட்டு மாலை சொல்லி முடித்ததும், கடைசிப் பெயராக அவரைக் கூப்பிட்டுவிட்டு அதே பதிலைச் சொல்லுங்கள். முன்னால் 'புனித' என்றெல்லாம் போட வேண்டாம், பாட்டி என்றே கூப்பிடுங்கள்.