எஸ் பாஸில் இருந்துகொண்டு வணிகச் சட்டம் படிக்கலாமா? நாச்சியார்கோவில் தம்பிக்கு ஒரு பதில்

நீங்கள் கேட்ட அந்த வார இறுதிச் சட்ட வகுப்பில் இப்போதைக்குச் சேர வேண்டாம் தம்பி. காசை ஊருக்கு அனுப்புங்கள்.

நீங்கள் கேட்டது இதுதான். சிங்கப்பூர் வந்து இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை, எஸ் பாஸ் என்கிற வேலை அனுமதியில் ஒரு கம்பெனியில் கணக்கு வேலை. மாமாவுக்கு நாச்சியார்கோவிலில் குத்துவிளக்குப் பட்டறை. லிட்டில் இந்தியாவில் தேக்கா கடைகளில் விளக்கு விற்கிற விலையைப் பார்த்ததும், நாமே இறக்கி விற்றால் என்ன என்று ஆசை வந்திருக்கிறது. தொழில் சட்டம் அரிச்சுவடிகூடத் தெரியாது, எங்கிருந்து தொடங்குவது, வார இறுதி வகுப்பு ஒன்றுக்குப் பெரிய தொகை கேட்கிறார்கள், கட்டலாமா என்கிறீர்கள். கடைசியில், பிஆர் (நிரந்தரவாசம்) வாங்கிய நண்பர் ஒருவர் பேரில் கம்பெனி திறக்கலாமா என்று ஒரு கேள்வி. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

நான் வக்கீல் இல்லை. வலங்கைமான் பக்கம். சிங்கப்பூரில் சரக்கு அனுப்பும் கம்பெனியில் பல வருடமாக பில், பர்மிட், இன்சூரன்ஸ் தாள்களோடு மாரடிக்கிறவன். எதைப் படிக்கலாம், எந்த வரிசையில் படிக்கலாம் என்றுதான் என்னால் சொல்ல முடியும். கையெழுத்துப் போடுகிற நாள் வந்தால் வக்கீலிடம் போய்விடுங்கள்.

வணிகச் சட்டம் என்றதும் எல்லோரும் ஒப்பந்தம், கம்பெனி என்று ஆரம்பிப்பார்கள். உங்களுக்கு முதல் பாடம் உங்கள் பாஸ். எஸ் பாஸ் ஒரே முதலாளிக்கும் ஒரே வேலைக்கும் கட்டுப்பட்டது. அதை வைத்துக்கொண்டு சொந்த வியாபாரம் செய்யக் கூடாது. சனி ஞாயிறு மட்டும்தானே, ரூமில் வைத்துத்தானே விற்கிறேன் என்ற பேச்செல்லாம் எடுபடாது. மாமாவுக்கு ஆர்டர் பிடித்துக் கொடுத்துக் கமிஷன் வாங்கினாலும் வேலை வேலைதான். மாட்டினால் பாஸ் போகும், திரும்ப வருவதும் சந்தேகம். மனிதவள அமைச்சின் இணையதளத்தில் பாஸ் விதிகள் எளிய ஆங்கிலத்தில் இருக்கின்றன. இன்று ராத்திரியே படித்துவிடுங்கள்.

ஆசையை மூட்டை கட்டச் சொல்லவில்லை. மாமா அனுப்பட்டும், இங்கே ஏற்கெனவே கடை வைத்திருப்பவர் இறக்கட்டும். இறக்குகிறவருக்கு யுஇஎன் என்கிற நிறுவனப் பதிவு எண்ணும் சுங்கத் துறைக் கணக்கும் வேண்டும். பித்தளைக்கு இங்கே இறக்குமதித் தீர்வை கிடையாது. மது, புகையிலை, வாகனம், பெட்ரோலியப் பொருள் என்று சிலவற்றுக்குத்தான் அது. ஆனால் 9 சதவீத ஜிஎஸ்டி உண்டு. அது கடைக்காரர் பாடு. மாமா பக்கத்துத் தாள்கள் சட்டப்படி சரியாக இருக்கின்றனவா என்று புரிந்துகொள்ளும் அளவுக்கு நீங்கள் படித்தால் போதும். படிப்பதற்கு எந்தப் பாஸிலும் தடை இல்லை.

இனி பாடப் புத்தகம். மாமா சென்னைக் கடை ஒன்றுக்கு எழுதிக் கொடுத்த ஆர்டர் சீட்டைப் படம் எடுத்து அனுப்பியிருந்தீர்கள் அல்லவா, அதுதான் பாடப் புத்தகம். மொத்தம் நாலு வரி. "அன்ன விளக்கு 3 அடி 20. எடை போட்டு ரேட். பாதி அட்வான்ஸ். பாக்கி சரக்கு போனதும்." கீழே மாமா கையெழுத்து, கடைக்காரர் கையெழுத்து இல்லை. இந்தியச் சட்டங்கள் முழுவதும் 'இந்தியா கோட்' என்ற அரசுத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அதில் 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தை எடுத்துச் சீட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

"அன்ன விளக்கு 3 அடி" என்பது விவரணை சொல்லி விற்பது, 15ஆம் பிரிவு. சொன்ன விவரணைக்குச் சரக்கு பொருந்தவேண்டும். "எடை போட்டு ரேட்" என்பதற்கு 22ஆம் பிரிவு. பட்டறையில் தயாராக நிற்கிற விளக்கைக் காட்டி 'இது' என்று பேசி முடித்திருந்தாலும், விலை கட்ட எடை போட வேண்டியிருந்தால், எடை போட்டு வாங்குகிறவருக்குத் தகவல் தெரியும்வரை விளக்கு மாமாவுடையதுதான். இனிமேல் வார்த்துத் தரவேண்டிய சரக்கென்றால் 23ஆம் பிரிவு. "பாக்கி சரக்கு போனதும்" என்கிற வரிதான் வம்பு. எங்கே போனதும்? பட்டறை வாசலை விட்டா, கும்பகோணம் லாரி ஆபீசை விட்டா, சென்னைக் கடைக்கா? நடுவழியில் வண்டி கவிழ்ந்தால் நஷ்டம் யார் தலையில் என்பதை 26ஆம் பிரிவு சொல்கிறது. வேறு விதமாகப் பேசிக்கொள்ளாவிட்டால், உடைமை யாரிடமோ நஷ்டமும் அவருக்கே. கப்பல் சரக்கென்றால் இதே கேள்வியைத்தான் எஃப்ஓபி, சிஐஎஃப் என்கிற இன்கோடெர்ம்ஸ் சொற்கள் தீர்க்கின்றன. பாரிஸில் இருக்கும் சர்வதேச வணிகச் சபை 1936இலிருந்து வெளியிட்டு வருகிற விதிகள் அவை. இப்போது நடப்பில் இருப்பது 2020 பதிப்பு.

தேக்காவில் ஒரு கடையில் பெட்டி பிரிக்கும்போது நான் பக்கத்தில் நின்றேன். உங்களுக்குத் தெரியாததா, நம்மூர் விளக்கு ஒரே வார்ப்பு இல்லை. அடி, தண்டு, தட்டு, உச்சியில் அன்னம் என்று தனித்தனியாக வார்த்துக் கடைந்து, மரை போட்டுப் பூட்டுவது. அனுப்பினவர்கள் அடியை எல்லாம் ஒரு பெட்டியிலும் தண்டை எல்லாம் இன்னொரு பெட்டியிலும் வைக்கோல் சுற்றி அனுப்பிவிட்டார்கள். பையன் ஒருவன் திருகுகிறான், ஏறவில்லை. இன்னொன்றை எடுத்தான், ஏறியது, ஆனால் விளக்கு ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. கடைக்காரர் 'சரக்கே சரியில்லை' என்று பாக்கிப் பணத்தை நிறுத்திவிட்டார். அப்புறம் பாதி விளக்கை எப்படியோ ஜோடி சேர்த்து விற்றும்விட்டார். 41, 42ஆம் பிரிவுகளைப் படித்தால் இந்தக் கூத்து புரியும். வாங்கியவருக்குச் சரக்கைச் சோதித்துப் பார்க்க உரிமை உண்டு. ஆனால் வந்ததைத் தன் சொத்துபோல விற்கத் தொடங்கினால், அல்லது வேண்டாம் என்று சொல்லாமல் நியாயமான காலத்துக்கு மேல் வைத்துக்கொண்டால், ஏற்றுக்கொண்டதாகத்தான் கணக்கு. மாமாவிடம் சொல்லி ஒவ்வொரு விளக்கின் எல்லா உறுப்பிலும் ஒரே நம்பரைக் கொத்தச் சொல்லுங்கள். அது சட்டம் இல்லை, ஆனால் பாதிச் சட்டச் சண்டை வராது.

அடுத்து 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம். வருடத்தைப் பார்த்துப் பயப்படாதீர்கள். பிரிவுகளுக்குக் கீழே அ, ஆ என்று இரண்டு பேரை வைத்துக் குட்டிக் குட்டி உதாரணம் கொடுத்திருப்பார்கள், கதை மாதிரி ஓடும். முதல் 75 பிரிவுகளே அடிப்படை. அப்புறம் 182இலிருந்து முகவர் பற்றியது, உங்களுக்கு அது முக்கியம். நடுவில் எண்கள் குதிக்கும், பக்கம் கிழிந்துவிட்டதோ என்று தேடாதீர்கள். அந்தப் பிரிவுகளை எடுத்துத்தான் 1930இல் சரக்கு விற்பனைக்கும் 1932இல் கூட்டாண்மைக்கும் தனிச் சட்டம் போட்டார்கள்.

சட்டத்தைத் தனியாகப் படிக்கத் தலை சுற்றினால், சிஏ ஃபவுண்டேஷன் தேர்வுக்கான 'பிசினஸ் லாஸ்' பாடநூலைத் இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகம் தன் தளத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. ஒப்பந்தம், விற்பனை, கூட்டாண்மை, கம்பெனி, காசோலை எல்லாம் அதில் ஒரே கட்டாக வரும். உங்களிடம் கட்டணம் கேட்கிறவர் நடத்தப்போவதும் ஏறத்தாழ இதைத்தான். பேராசிரியர் முகம் பார்த்தால்தான் மண்டையில் ஏறும் என்றால் ஐஐடிகள் நடத்தும் என்பிடெல் இணையத் தளத்தில் வணிகச் சட்ட வகுப்புகள் இருக்கின்றன, பார்க்கக் காசு இல்லை. ஆங்கிலம் கனமாக இருந்தால் ஊரில் தமிழ் வழியில் பி.காம் முடித்த யார் வீட்டுப் பரணிலாவது 'வணிகச் சட்டம்' புத்தகம் கிடக்கும். அடுத்த முறை யாராவது ஊரிலிருந்து வரும்போது முறுக்கோடு அதையும் கொண்டுவரச் சொல்லுங்கள்.

கூட்டாண்மைச் சட்டத்தில் 69ஆம் பிரிவை மட்டும் இந்த வாரமே படித்து மாமாவுக்குப் போன் போடுங்கள். பட்டறையை மாமாவும் அவர் தம்பிகளும் சேர்ந்து நடத்துவதாக எழுதியிருக்கிறீர்கள். அது கூட்டு நிறுவனம் என்று வைத்துக்கொண்டால், பதிவு செய்யாத நிறுவனம் வெளியாள்மீது ஒப்பந்த பாக்கிக்காக வழக்குப் போட முடியாது. அவர்கள் நம்மீது போடலாம், நாம் போட முடியாது. நம்ம ஊரில் நிலத்துக்கு ஒத்திப் பத்திரம் எழுதும்போது நாலு சாட்சி தேடுகிற அதே குடும்பம், பட்டறைக்கு ஒரு தாள் எழுதாது. என்னத்தைச் சொல்ல. அதோடு ஏற்றுமதிக்கு டிஜிஎஃப்டி என்கிற இந்திய வெளிநாட்டு வணிகத் துறை தரும் ஐஇசி (ஏற்றுமதி இறக்குமதி) எண் வேண்டும். இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம், கட்டணம் 500 ரூபாய். தஞ்சாவூரில் மாவட்டத் தொழில் மையத்துக்கு ஒரு நடை போய்வந்தால் மீதியைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

விளக்கோடு சுவாமிமலை ஐம்பொன் சிலையும் சேர்த்து அனுப்பலாம் என்று மாமா சொன்னதாக ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அங்கே 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் குறுக்கே வரும். நூறு வருடம் தாண்டிய சிலையைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பவே முடியாது. நேற்று வார்த்த சிலையாக இருந்தாலும் இது தொல்பொருள் அல்ல என்று இந்தியத் தொல்லியல் துறையின் சான்றிதழ் இல்லாவிட்டால் சுங்கத்தில் மாட்டிக்கொள்ளும். முதல் சரக்கில் சிலை வேண்டாம்.

சிங்கப்பூர்ப் பக்கம் படிப்பதில் ஒரு சிக்கல். இங்கே ஒப்பந்தத்துக்கு என்று ஒரே சட்டப் புத்தகம் கிடையாது. இங்கிலாந்து வழக்குத் தீர்ப்புகள் வழியாக வளர்ந்த பொதுச் சட்டம்தான் அடிப்படை. (பாலத்தைத் தாண்டினால் ஜொகூரில் வேறு கதை. மலேசியாவின் 1950 ஒப்பந்தச் சட்டம் நம்ம 1872 சட்டத்தைப் பார்த்து எழுதியது.) அதனால் இந்தியச் சட்டத்தை முதலில் படித்துவிட்டு இங்கே வந்தால் வழி தெரியும், வித்தியாசத்தை மட்டும் குறித்துக்கொண்டால் போதும். சட்ட அகாடமி நடத்தும் 'சிங்கப்பூர் லா வாட்ச்' தளத்தில் சிங்கப்பூர்ச் சட்டம் பற்றி அத்தியாயம் அத்தியாயமாகப் போட்டிருக்கிறார்கள், ஒப்பந்தத்துக்கும் ஒன்று உண்டு. மொழி கொஞ்சம் இறுக்கம். சட்டங்களின் முழு வாசகம் 'சிங்கப்பூர் ஸ்டாட்யூட்ஸ் ஆன்லைன்' தளத்தில் இலவசம். சரக்கு விற்பனைக்கு இங்கிலாந்தின் 1979 சட்டத்தையே இங்கும் வைத்திருக்கிறார்கள், நம்ம 1930 சட்டம் படித்தவனுக்கு அது பழகின முகம். விக்டோரியா தெரு தேசிய நூலகத்தில் மேல்தளங்களில் இருக்கும் லீ கொங் சியான் நோக்கு நூலகத்தில் சட்டப் புத்தகங்களை உட்கார்ந்து படிக்கலாம். வீட்டுக்கு எடுத்துப்போக முடியாது, ஆனால் ஏசி உண்டு, ரூமைவிட அமைதி.

வித்தியாசத்துக்கு ஓர் உதாரணம். ஒப்பந்த பாக்கிக்கு வழக்குப் போட இந்தியாவில் பொதுவாக 3 வருடம், சிங்கப்பூரில் 6 வருடம். அப்படியானால் மாமாவுக்கும் இங்கே உள்ள கடைக்கும் நடக்கும் வியாபாரத்துக்கு எது? சர்வதேச சரக்கு விற்பனைக்கு ஐ.நா. உடன்படிக்கை ஒன்று இருக்கிறது. சிங்கப்பூர் அதில் சேர்ந்திருக்கிறது, இந்தியா சேரவில்லை. இரண்டு தரப்பு நாடும் சேர்ந்திருந்தால்தான் பொருந்தும் என்று சிங்கப்பூர் சொல்லிவிட்டதால், நம்ம வியாபாரத்துக்கு அது தானாக வராது. ஆகவே எந்த நாட்டுச் சட்டம், தகராறு வந்தால் எங்கே தீர்ப்பது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதியே ஆகவேண்டும். மாமாவின் நாலு வரிச் சீட்டில் ஐந்தாவது வரியாக அது வரட்டும்.

யூடியூபில் தொழில் சட்டம் சொல்கிறவர்களைப் பார்த்துக் கேளுங்கள். பாதிப் பேர் அமெரிக்க வீடியோவைப் பார்த்து எல்எல்சி என்கிற அமெரிக்க வகைக் கம்பெனி ஆரம்பியுங்கள் என்கிறார்கள். சிங்கப்பூரில் அப்படி ஒரு வகையே இல்லை.

பயிற்சிக்கு உங்கள் சொந்தத் தாள் ஒன்றும் இருக்கிறது. வேலை தொடங்கும்போது முக்கிய வேலை நிபந்தனைகள் என்று கொடுத்திருப்பார்களே, அது. 1968 வேலை நியமனச் சட்டத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் பாருங்கள். சம்பளக் காலம் முடிந்து 7 நாளுக்குள் சம்பளம், ஓவர்டைம் பாத்தியதை இருந்தால் அதற்கு 14 நாள், விவரம் போட்ட சம்பளச் சீட்டு. வெளியே வேறு தொழில் செய்யக் கூடாது என்ற வரியும் உங்கள் வேலை ஒப்பந்தத்தில் பெரும்பாலும் இருக்கும்.

இப்போது நண்பர் விஷயம். அவர் பேரில் கம்பெனி, நடத்துவது நீங்கள் என்றால், உங்கள் பாஸ் பிரச்சினை அப்படியே இருக்கிறது, பேரை மாற்றினால் போகாது. அவருக்கும் புதிதாக ஒரு தலைவலி சேரும். பேருக்கு டைரக்டர் என்று சட்டத்தில் சலுகை இல்லை. கணக்குத் தாக்கல் செய்யாவிட்டால் அபராதம் அவர் தலையிலும் விழும். கம்பெனியைப் பின்னாலிருந்து ஆட்டுவிப்பவர் யார் என்ற பதிவேட்டை 2017இலிருந்து வைத்திருக்க வேண்டும், அதில் உங்கள் பேரை எழுதினாலும் ஆபத்து, எழுதாவிட்டாலும் ஆபத்து. அவர் உண்மையிலேயே தன் காசைப் போட்டு, தானே நடத்தி, மாமாவிடம் சரக்கு வாங்குவதாக இருந்தால் தாராளமாகச் செய்யட்டும். 300 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) கம்பெனி பதிவாகிவிடும், பெயருக்குத் தனியாக 15 வெள்ளி. ஆறு மாதத்துக்குள் செக்ரட்டரி ஒருவரைப் போட வேண்டும், ஒரே டைரக்டராக இருந்தால் அவரே செக்ரட்டரியாக இருக்க முடியாது. இதை அவரிடம் காட்டுங்கள், அவர் என்ன சொல்கிறார் என்று எழுதுங்கள்.